மொட்டைமாடிக்குப் போக வேண்டிய பெட்டி

லுயீஸ் நல்ல மனிதன். இதை முதலிலேயே சொல்லி வைத்துவிட வேண்டும். போகப் போக இதை நினைவில் வைத்திருப்பது யாருக்கும் கஷ்டம். இருபது வருஷமாகப் பழகிய இனியவனுக்கே பல நாள் மறந்து போகும்.

அந்த நல்ல மனிதனிடம் ஒரு பெட்டி இருந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் பீரோ என்றுதான் நினைப்பார்கள். மெருகேறிய பழுப்பு மரம், மார்பு வரைக்கும் உயரம், பக்கவாட்டில் பழைய ஜன்னல் கதவுகளில் இருப்பதுபோல் வரிவரியாகத் திறப்புகள். உள்ளே மேல்தட்டில் கறுப்பாக ஒரு கொம்பு, கீழ்த்தட்டில் ஒரு மர உருளை. இரண்டையும் மோட்டார் வைத்து பெல்ட் போட்டுச் சுற்றவிட்டிருப்பார்கள். அடியில் கண்ணாடி வால்வுகள் வைத்த ஆம்ப்ளிஃபயர், ஆரஞ்சு நிறத்தில் கனன்றுகொண்டிருக்கும். கீபோர்டில் வாசிப்பது அந்தப் பெட்டிக்குள் போய், ஸ்பீக்கரோடு சேர்ந்து சுழன்று வெளியே வரும். லுயீஸ் காலால் ஒரு கட்டையை மிதித்தால் மெதுவாகச் சுற்றும், இன்னொரு முறை மிதித்தால் வேகமாகச் சுற்றும். மெதுவாகச் சுற்றும்போது பாட்டு தொட்டிலில் கிடப்பதுபோல் ஆடும். வேகமாகச் சுற்றினால் கேட்பவனுக்குப் புல்லரிக்கும்.

சத்தத்தைப் பற்றி இனியவனுக்கு வழக்கு எதுவும் கிடையாது. வழக்கெல்லாம் எடையைப் பற்றித்தான். லுயீஸ் பிரெஞ்சு ஊரான துலூஸில் வேலை பார்த்த காலத்தில் எவனோ தலையில் கட்டிய சனியன் இது. மற்றவர்கள் ஊர் திரும்பும்போது ஃப்ரிட்ஜ், சோஃபா என்று கண்டெய்னரில் போட்டு வருவார்கள். இவன் இதைப் போட்டுக்கொண்டு வந்தான். கருவடிக்குப்பத்து வீட்டில் அவனுடைய படுக்கையறையில் பெட்டிக்கு ஃபேன் காற்று நேராக வரும், லுயீஸுக்கு வராது.

கச்சேரி எங்கே என்றாலும் இனியவன்தான் மச்சானுடைய குட்டியானை வண்டியை எடுத்து வர வேண்டும். இனியவனும் பேஸ் கிடார் வாசிக்கிற தமிழ்மாறனும் அங்கே கிடைக்கிற யாராவது இரண்டு பேரும் சேர்ந்து தூக்க வேண்டும். லுயீஸ் தூக்க மாட்டான். விரல் நசுங்கினால் அப்புறம் யார் வாசிப்பது என்று கேட்பான். டிரம்ஸ் வாசிக்கிற இனியவனுக்கும் கை இருக்கிறது என்பது அவனுக்கு இதுவரை தோன்றியதே இல்லை. பின்னாலேயே நடந்து வந்து, "மெதுவா, மெதுவா, சாய்க்காதே" என்று சொல்லிக்கொண்டே இருப்பான், அது ஒன்றுதான் அவன் பங்கு.

இதில் வயிறு எரிகிற விஷயம் என்னவென்றால், லுயீஸின் கீபோர்டிலேயே அந்தச் சுழல் சத்தத்துக்கென்று ஒரு பட்டன் இருந்தது. அழுத்தினால் போதும், அதே ஆட்டம், அதே புல்லரிப்பு. இனியவன் இதை எத்தனையோ தடவை எடுத்துச் சொல்லிவிட்டான். லுயீஸின் பதில் மாறியதே இல்லை.

"அது பிரியாணி படம்டா. பாத்துக்கினு இருக்கலாம், துன்ன முடியாது."

பெட்டி ஊருக்கு வந்த புதிதில் நடந்ததைச் சொன்னால் லுயீஸ் எப்பேர்ப்பட்டவன் என்று தெரியும். புது வண்டி, புது வீடு என்றால் சர்ச் சாமியாரைக் கூப்பிட்டு மந்திரிப்பது லுயீஸ் வீட்டு வழக்கம். லுயீஸ் பெட்டிக்கும் மந்திரிக்க ஏற்பாடு செய்தான். வெளியே மட்டும் தெளித்தால் போதாது, உள்ளேயும் ஆசீர்வாதம் போக வேண்டும் என்று பின்பக்கப் பலகையைக் கழற்றி வைத்தான். சும்மா கிடந்தால் நன்றாகவா இருக்கும் என்று சுவிட்சையும் போட்டு, கொம்பு சுற்றச் சுற்ற நிறுத்தி வைத்தான். பாவம், அந்தச் சாமியாருக்கு என்ன தெரியும். செபத்தைச் சொல்லித் தாராளமாகவே தீர்த்தம் தெளித்தார். கொதித்துக்கொண்டிருந்த வால்வு ஒன்று பட்டென்று வெடித்தது. புது வால்வு வெளிநாட்டிலிருந்து வந்து சேரும்வரை அந்தப் பெட்டி ஆசீர்வாதத்தோடு ஊமையாக நின்றது. அந்த நாட்களில் இனியவனுக்கு முதுகு வலி அறவே இல்லை.

அப்புறம் வில்லியனூர் கல்யாணம். வரவேற்பில் வாசித்து முடித்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். திரும்பி வந்து பார்த்தால் மேடையில் பெட்டியைக் காணோம். பெண் வீட்டுக்காரர்கள் கட்டில், பீரோ, கிரைண்டர் என்று சீர்வரிசைச் சாமான்களை லாரியில் ஏற்றும்போது இதையும் ஒரு பீரோ என்று நினைத்து ஏற்றி அனுப்பிவிட்டார்கள். இனியவன் விடிந்ததும் விழுப்புரம் தாண்டி மாப்பிள்ளை ஊருக்குப் போனான். அங்கே பெட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, மேலே துணி விரித்து, குத்துவிளக்கு ஏற்றி வைத்திருந்தார்கள். இது எங்களுடையது என்று சொல்லிக் கேட்கவே கூச்சமாகிவிட்டது. கொடுத்த சீரைத் திரும்பக் கேட்டு வந்திருக்கிறான் என்று மாப்பிள்ளையின் அத்தை தெரு முழுக்க ஆள் கூட்டிவிட்டார். அன்றைக்கு வாங்கிய பேச்சை இனியவன் தன் பெண்டாட்டி சரிதாவிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை.

இப்படியே ஓடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் ஓட்டல் வாய்ப்பு வந்தது.

கடற்கரைப் பக்கத்துத் தெரு ஒன்றில் பழைய பிரெஞ்சு வீடு. அதை வாங்கி ஓட்டலாக்கியிருந்தார் இராயப்பன். பாரிசில் உணவகம் நடத்திவிட்டு, ஓய்வெடுக்க ஊர் திரும்பி, ஓய்வெடுக்கத் தெரியாமல் மறுபடி கடை போட்டவர். இரண்டாவது மாடிக்கு மேலே மொட்டைமாடியில் மேசைகள் போட்டு, வெள்ளியும் சனியும் சாயங்காலம் ஒரு குழுவை நிரந்தரமாக வைக்கலாம் என்று ஆள் தேடிக்கொண்டிருந்தார். லுயீஸின் தங்கை சாந்த்ரின்தான் இந்தக் குழுவின் பாடகி. பிரெஞ்சும் பாடுவாள், தமிழும் பாடுவாள். அவள் மூலமாகப் பேச்சு நடந்து, சனிக்கிழமை வந்து வாசித்துக் காட்டச் சொல்லியிருந்தார்.

இனியவனுக்கு இது வாழ்வா சாவா என்கிற விஷயம். முதலியார்பேட்டையில் ஒரு பெயிண்ட் கடையில் அவன் வருஷக்கணக்காக விற்பனையில் இருந்தவன். சனிக்கிழமைதான் கடையில் கூட்டம், கச்சேரியும் சனிக்கிழமைதான். முதலாளி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். இனியவன் ரோஷப்பட்டு வேலையை விட்டுவிட்டான். வீட்டில் சரிதா சண்டையெல்லாம் போடவில்லை. இந்த ஓட்டல் கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை போய் முதலாளியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பெயிண்ட் டப்பா எடுத்துக் கொடுங்கள், ஆனால் அதற்கப்புறம் டிரம்ஸ் பேச்சை எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க அவனால் முடியவில்லை. அதனால் இன்னும் பயமாக இருந்தது.

முன்கூட்டி இடத்தைப் பார்த்து வரலாம் என்று புதன்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு போனான். மாடிப்படியைப் பார்த்தான். சுருண்டு சுருண்டு மேலே போகிற குறுகலான இரும்புப் படி. ஒரு ஆள் தட்டு ஏந்திக்கொண்டு ஏறலாம். பெட்டியை அதில் ஏற்றுவது என்பது நடக்கிற காரியமே இல்லை. அங்கிருந்தே லுயீஸுக்குப் போன் செய்தான்.

லுயீஸ் நிதானமாகக் கேட்டுவிட்டு, "படிய அகலமாக்கச் சொல்லு" என்றான்.

பேச்சுக்காகச் சொல்லவில்லை, அவன் நிஜமாகவே அப்படித்தான் நினைத்தான். நூறு வருஷத்துக் கட்டடம்டா என்றால், அப்போ கூடப் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு வா என்கிறான். பட்டன் இருக்கிறதே என்றால் பிரியாணி படம் என்கிறான். இனியவன் போனை வைத்துவிட்டுத் தெருவுக்கு வந்து நின்றான். கத்த வேண்டும்போல் இருந்தது. வெள்ளைச் சுவருக்கு முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டிருந்த ஒரு புதுமணத் தம்பதி கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்கள். தள்ளி நின்றான்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. போன வாரக் கச்சேரி முடிந்ததிலிருந்து லுயீஸின் கீபோர்டு வண்டியிலேயே கிடந்தது. அதைத் தூக்கிக்கொண்டு நேராக இராயப்பன் முன்னால் போய் வைத்தான். விவரத்தைச் சொன்னான். பெட்டியில் வாசித்ததை மொபைலில் போட்டுக் காட்டினான், அதே பாட்டைக் கீபோர்டில் ஒரு விரலால் தட்டிப் பட்டனை அழுத்திக் காட்டினான். எது எது என்று கேட்டான். இராயப்பன் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, தனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை என்றார். இனியவனுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் ஆயிற்று. பெட்டி வேண்டாம், கட்டடம் தாங்காது என்று லுயீஸிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், நான் வந்து போனது அவனுக்குத் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். அவரும் ஒத்துக்கொண்டார்.

இந்த இடத்தில் அவன் எழுந்து வந்திருக்கலாம். ஆனால் பெயிண்ட் கடையில் பழகிய வாய் சும்மா இருக்குமா. வெள்ளை கேட்டு வருகிற ஆளுக்கு ஷேட் கார்டு முழுவதையும் விரித்துக் காட்டாமல் இனியவன் ஒரு நாளும் விட்டதில்லை. இதில் வேறு என்ன இருக்கிறது என்று இராயப்பன் சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டார். அவ்வளவுதான். வயலின் பாருங்க சார் என்றான். புல்லாங்குழல் கேளுங்க சார் என்றான். பேஸ் கிடார் சத்தம் எடுத்துக் காட்டினான். கடைசியில் இன்னொரு பட்டனை அழுத்தி, டிரம்ஸ் தானாக ஓடுவதைக் காட்டி, வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் விளக்கினான். இராயப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து கேட்டார். வாசல்வரை வந்து வழியனுப்பினார். ஒரு சரக்கை நல்லபடியாக விற்ற திருப்தியோடு இனியவன் வீட்டுக்குப் போனான்.

சனிக்கிழமை வந்தது. ஓட்டல்காரரே வேண்டாமென்று சொல்லியிருந்ததால் பெட்டி இருக்காது என்று நம்பி இனியவன் கருவடிக்குப்பத்துக்கு வண்டியை விட்டான். வாசலில் பெட்டி போர்வை போர்த்திக்கொண்டு தயாராக நின்றது. மேலே ஏற்ற வேண்டாம், கீழே வண்டியிலேயே இருக்கட்டும், அது பக்கத்தில் இருந்தால்தான் தனக்குக் கை வரும் என்றான் லுயீஸ். இனியவன் வண்டியின் பின்கதவை இறக்கினான். பேசினால் நட்பு முறிந்துவிடும் என்று தோன்றியது. தமிழ்மாறனும் அவனும் பக்கத்து வீட்டு ஆட்கள் இருவரும் தூக்கி ஏற்றினார்கள்.

மொட்டைமாடியில் சாயங்கால வெயில் சாய்ந்து, கடல் காற்று நன்றாக வந்தது. மேசைகளில் நாலைந்து பேர்தான் இருந்தார்கள். லுயீஸ் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கீபோர்டை விரித்தான். வாசித்தார்கள். சாந்த்ரின் நன்றாகவே பாடினாள். லுயீஸ் பட்டனைப் போட்டு வாசித்தாலும் வாசிப்பில் குறை ஒன்றும் இல்லை. இனியவன் உயிரைக் கொடுத்து வாசித்தான். மூன்று பாட்டு முடிந்ததும் இராயப்பன் கைதட்டிக்கொண்டே எழுந்து வந்தார்.

அருமை என்றார். அண்ணனும் தங்கையும் அடுத்த வெள்ளியிலிருந்தே வந்துவிடலாம் என்றார். மற்ற இருவரும் இவ்வளவு தூரம் வந்ததற்கு நன்றி, காப்பி சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றார்.

சாந்த்ரினுக்கு முதலில் புரியவில்லை. நாங்கள் நாலு பேரும் ஒரே குழு என்று அவள் ஆரம்பித்தாள். இராயப்பன் சிரித்துக்கொண்டே கீபோர்டின் மேல் தட்டினார்.

"பேஸும் டிரம்ஸும் இதுலியே கீதே மத்மோசேல். இந்தத் தம்பிதான் புதன்கெழம வந்து எனக்கு எல்லாத்தையும் காட்டுச்சி. பொட்டிக்கு பதிலா பட்டன் போதும்னா, மத்ததுக்கும் போதும்தானே?"

எல்லாரும் இனியவனைப் பார்த்தார்கள். தமிழ்மாறன் வாயில் கெட்ட வார்த்தை வந்து நின்றது தெரிந்தது. லுயீஸ் மட்டும் கோபப்படவில்லை. அவன் முகத்தைப் பார்த்தால் யாரோ செத்த சேதி கேட்டவன்போல் இருந்தது.

"நீயாடா போய் சொன்ன?" என்றான்.

இனியவனுக்கு வெட்கம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். திங்கட்கிழமை முதலாளி முன்னால் நிற்கப்போவது கண்ணுக்குத் தெரிந்தது. தன் கையாலேயே தன் வேலையை ஷேட் கார்டு போல் விரித்துக் காட்டி விற்றிருக்கிறான். இத்தனை வருஷமாக எந்தப் பெட்டியைத் திட்டிக்கொண்டிருந்தானோ, இப்போது அந்தப் பெட்டியை விட்டால் அவனுக்காகப் பேச வேறு நாதி இல்லை. வாயைத் திறந்தான். என்ன சொல்லப் போகிறான் என்பது அவனுக்கே தெரியவில்லை.

"சார், அன்னிக்கு நான் சொன்னது தப்பு. அந்த பட்டன் எப்பவும் ஒரே மாதிரிதான் சுத்தும். பொட்டி அப்டி இல்ல. லுயீஸ் கட்டைய மிதிச்சான்னா மேல இருக்குற கொம்பு சட்டுனு ஓடிடும், கீழ இருக்குற உருள மெதுவாத்தான் வந்து சேரும். கரண்டு கம்மியா இருந்தா இன்னும் லேட்டாவும். அது வந்து சேர்ற வரைக்கும் நான் டிரம்ஸ உருட்டிக்கினே இருப்பேன், சேந்தவொடனே அடிப்பேன். எவ்ளோ நேரம் உருட்டணும்னு அந்த பட்டனுக்குத் தெரியாது சார். எனக்குத்தான் தெரியும்."

பிழைப்புக்காகத்தான் சொன்னான். ஆனால் சொல்லும்போதே, அது பொய்யில்லை என்பது அவனுக்கு உறைத்தது. ஒவ்வொரு கச்சேரியிலும் அவன் அதைத்தான் செய்துகொண்டிருந்தான். அந்த உருளை வந்து சேர்கிற நேரம் அவன் கைக்குப் பாடமாகியிருந்தது. பக்கத்தில் இருந்தால்தான் கை வரும் என்று லுயீஸ் சொன்னதைக் கிளம்பும்போது பைத்தியக்காரத்தனம் என்று நினைத்தவன் அவன். இது தெரிந்ததில் அவனுக்கு ஒரு சந்தோஷமும் இல்லை, எரிச்சல்தான் வந்தது. பெட்டி கீழே வண்டியில் இருக்கிறது, மேலே ஏற்றிக் காட்டுகிறோம், ஒரு பாட்டு கேளுங்கள் என்று இராயப்பனிடம் கெஞ்சினான்.

ஏற்ற முடிந்தால் ஏற்றுங்கள் என்றார் அவர். ஏற்ற முடியாது என்று இனியவனே சொல்லிக் கேட்டிருந்ததால் அந்தத் தைரியம்.

ஓட்டலுக்குப் பக்கத்து வீட்டில் மராமத்து நடந்துகொண்டிருந்தது. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். தெருப் பக்கமாகச் சாரம் கட்டி, மொட்டைமாடி உயரத்தில் கப்பி மாட்டி, சிமெண்ட் மூட்டை ஏற்றுவார்கள். இனியவன் படியில் இறங்கிப் போய்க் கொத்தனார் ஆட்களிடம் பேசினான். வேலை முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தவர்கள். பீரோதானே என்று கேட்டார்கள். பீரோதான் என்றான். விளக்க அவனிடம் நேரமில்லை.

போர்வையைச் சுற்றி, நாலு பக்கமும் கயிறு கட்டி, கப்பியில் மாட்டினார்கள். தமிழ்மாறன் கோபத்தை ஒத்தி வைத்துவிட்டு, பெட்டி சுவரில் மோதாமல் இருக்கப் பக்கக் கயிற்றைப் பிடித்தான். மேலே கைப்பிடிச் சுவரில் குனிந்து நின்று லுயீஸ் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். இழுக்கிறவர்கள் ஆளுக்கு ஒரு நேரம் இழுத்ததில் பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. இனியவன் நடுத்தெருவில் நின்று கையை உயர்த்தி, தாளம் சொல்வதுபோல் குரல் கொடுத்தான். "இழு. நிறுத்து. இழு. நிறுத்து." அவன் குரலுக்குக் கயிறு ஒழுங்காக ஏறியது. முதல் மாடி தாண்டியதும் கடல் காற்று பிடித்துக்கொண்டு, தொங்கியபடியே பெட்டி மொத்தமாக ஒரு சுற்றுச் சுற்றியது. லுயீஸ் கண்ணைப் பொத்திக்கொண்டான். இனியவன் இன்னும் உரக்கக் கத்தினான். தமிழ்மாறன் கயிற்றோடு தெருவில் இழுபட்டுப் போய் ஒரு மரத்தில் முட்டுக் கொடுத்து நிறுத்தினான். கடைசியில் பெட்டி கைப்பிடிச் சுவரைத் தாண்டி உள்ளே இறங்கியது.

பின்னால் கைதட்டல் கேட்டு இனியவன் திரும்பிப் பார்த்தான். தெரு நிறைய ஆட்கள். சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றவர்கள், கடற்கரைக்குப் போகிற வழியில் நின்றவர்கள், கையில் மொபைலை உயர்த்திப் பிடித்தபடி நின்ற வெளியூர்க்காரர்கள். அவனுக்கு மானமே போனது போல் இருந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. யார் முகத்தையும் பார்க்காமல் படியேறினான்.

பெட்டியை மூலையில் வைத்து, வால்வு சூடேறும்வரை காத்திருந்து, வாசித்தார்கள். லுயீஸ் மெதுவாகத் தொடங்கினான். பாட்டு நடுவில் இனியவன் பக்கம் திரும்பாமலேயே கட்டையை மிதித்தான். கொம்பு ஓடியது. இனியவன் உருட்டிக்கொண்டே உருளைக்காகக் காத்திருந்தான். இவ்வளவு கவனமாக அதை அவன் ஒரு நாளும் கேட்டதில்லை. உருளை வந்து சேர்ந்த நொடியில் அடித்தான். சாந்த்ரின் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். இதைவிட நன்றாக இந்தக் குழு வாசித்ததே கிடையாது. அது இனியவனுக்குத் தெரியும், லுயீஸுக்கும் தெரியும்.

பாட்டு முடிந்ததும் லுயீஸ் எழுந்து வந்து அவன் தோளைக் கட்டிக்கொண்டான். கண் கலங்கியிருந்தான். புதன்கிழமை சமாச்சாரம் அவனுக்கு அடியோடு மறந்துவிட்டது. தன் பெட்டியை இவ்வளவு புரிந்து வைத்திருக்கிறவன் உலகத்திலேயே நீ ஒருத்தன்தான்டா என்றான். இனியவனுக்கு அவனைக் கும்பிடுவதா குத்துவதா என்று தெரியவில்லை.

இராயப்பன் வந்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"உண்மையச் சொல்றேன் தம்பி, கோச்சிக்காத. எனக்கு ரெண்டும் ஒன்னாத்தான் கேக்குது."

இனியவன் குச்சிகளைக் கீழே வைத்தான். இவ்வளவுதானா என்று இருந்தது. காதில்லாத மனிதனிடம் எதைக் கொண்டுபோய்க் காட்டுவது.

ஆனால் இராயப்பன் போகவில்லை. கைப்பிடிச் சுவர் ஓரமாகப் போய்க் கீழே எட்டிப் பார்த்தார். திரும்பி மேசைகளைப் பார்த்தார். அப்போதுதான் இனியவனும் கவனித்தான். பாட்டு தொடங்கும்போது பெரும்பாலும் காலியாகக் கிடந்த மொட்டைமாடியில் இப்போது ஒரு நாற்காலி மிச்சமில்லை. தெருவில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள் எல்லாரும் அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க மேலே ஏறி வந்து உட்கார்ந்து, லெமன் சோடா கேட்டுக்கொண்டிருந்தார்கள். படியில் இன்னும் ஆட்கள் நின்றார்கள்.

"பொன்," என்று பிரெஞ்சில் சரி சொன்னார் இராயப்பன். "நாலு பேரும் வாங்க. வெள்ளி, சனி. சரியா ஆறு மணிக்கு இந்தப் பொட்டி கீழேர்ந்து மேல வரணும். இதே மாதிரி கயிறு கட்டி."

அது வேண்டாம் சார், இங்கேயே ஒரு மூலையில் பத்திரமாக வைத்துவிடலாம் என்றான் இனியவன் அவசரமாக.

"மேலியே வெச்சிட்டா யாரு நின்னு பாப்பாங்க? வாசிச்சி முடிச்சவொடனே எறக்கிடணும். நீதான் நடுத்தெருவுல நின்னு கத்தணும். ஒன் கொரலு நல்லாக்கீது."

"டிரம்ஸ் சார்?"

"அதையும் வாசியேன். நானா வேணாங்கறேன்?"

கேட்டது கிடைத்துவிட்டது. நாலு பேருக்கும் கிடைத்துவிட்டது. வீட்டுக்குப் போய் சரிதாவிடம் தைரியமாகச் சொல்லலாம். முதலாளி முன்னால் போய் நிற்க வேண்டாம். தனக்கு வந்தது சந்தோஷமா, ஆத்திரமா என்று இனியவனால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. வாரத்தில் இரண்டு நாள் ஏற்றம், இரண்டு நாள் இறக்கம், வருஷம் முழுக்க. பக்கத்து வீட்டு மராமத்து முடிந்து சாரத்தைப் பிரித்துவிட்டால் கப்பிக்கு எங்கே போவது என்று இராயப்பன் அதற்குள் கொத்தனாரிடம் பேசப் போய்விட்டார். லுயீஸ் பெட்டியைத் துணியால் துடைத்துக்கொண்டே, அடுத்த தடவை கயிற்றை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக் கட்டினால் மெருகு உரசாது என்று தமிழ்மாறனுக்கு விளக்கினான். தமிழ்மாறன் இனியவனைப் பார்த்த பார்வையில், ஒத்தி வைத்த கோபம் அப்படியே பத்திரமாக இருந்தது.

இருட்டுவதற்குள் இறக்கிவிட வேண்டும் என்று கொத்தனார் ஆட்கள் அவசரப்படுத்தினார்கள். இனியவன் மறுபடி தெருவில் போய் நின்று கையை உயர்த்தினான். கூட்டம் மறுபடி சேர்ந்தது. இந்தத் தடவை பெட்டி சுற்றவும் இல்லை, சாயவும் இல்லை. குரலுக்குக் குரல் ஒழுங்காக இறங்கி வண்டியில் உட்கார்ந்தது. அவன் போர்வையை இழுத்து மூடிக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, தோளில் பை மாட்டிய ஒரு பெண் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணா, இன்னொரு தடவ ஏத்துவீங்களா? வீடியோ சரியா வரல."

இனியவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். கயிற்றை வண்டிக்குள் வீசினான்.

"வெள்ளிக்கெழம வாங்க," என்றான். "ஆறு மணிக்கு."